கோச்சிக்கு (ரயிலுக்கு) 25 வருடத் திட்டம் எதற்கு? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு சீசன் டிக்கட்டில் போய்வருகிற ஆள், ஊர் யாழ்ப்பாணப் பக்கம். காலையில் கடலோர மேடையில் நிற்கும்போதும், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதும் ரயிலைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கேள்விகள் என் பக்கம் வந்துவிடும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் சொல்ல வருவது அடிப்படையில் ஒன்றுதான்: ஆளும் சாமானும் ஒரே தண்டவாளத்தில் ஓடுகின்றன, ஆகவே இரண்டுக்கும் சேர்த்து முதலில் ஒரு நேர அட்டவணையைத் தீர்மானித்துவிட்டு, அது ஓட என்ன கட்ட வேண்டும் என்று பிறகு பார்க்க வேண்டும். இவ்வளவு காலமும் நாங்கள் செய்து வந்தது இதற்கு நேர்மாறு.

நீண்டகால ரயில் திட்டம் என்றால் என்ன? இன்னொரு புதுப் பாதை அறிவிப்பா?

இல்லை. புதுப் பாதை என்பது ஒரு வேலை. திட்டம் என்பது 20, 25 வருடத்துக்குப் பிறகு எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையில் மணிக்கு எத்தனை ரயில் ஓட வேண்டும், எந்தச் சாமான் லொறியிலிருந்து இறங்கி ரயிலில் ஏற வேண்டும், அதற்குள் எந்த வேலை முதலில், எது பிறகு, காசு எங்கிருந்து வரும் என்று எழுதி வைப்பது. அமெரிக்காவில் 2008இல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு மாநிலங்கள் இப்படி ரயில் திட்டம் எழுதுகின்றன. அதில் பயணிகள் ரயிலும் சரக்கு ரயிலும் ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கலிபோர்னியா 2018இல் எழுதியது 2040ஆம் ஆண்டை நோக்கியது. இந்தியாவின் தேசிய ரயில் திட்டமும் அப்படித்தான்: 2050 வரைக்கும் வரப்போகிற தேவையைக் கணக்கிட்டு, அதற்கான வசதியை 2030க்குள் முன்கூட்டியே கட்டிவிடுவது, சரக்கில் ரயிலின் பங்கை 45 சதவீதத்துக்கு உயர்த்துவது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். இலக்கை எட்டுகிறார்களா என்பது வேறு பேச்சு. எழுதி வைத்த இலக்கு இருந்தால்தான் பிறகு ஒருவரிடம் போய் ஏன் நடக்கவில்லை என்று கேட்கலாம்.

எங்களிடம் திட்டமே இல்லை என்கிறீர்களா?

திட்டங்கள் நிறைய உண்டு. ஜப்பான் உதவியோடு 2014இல் முடிந்த கொழும்புப் பெரும்பாகப் போக்குவரத்து ஆய்வு நல்ல ஆய்வு. நகரத்துக்குள் வருகிற ஏழு பெரிய வழிகளை எடுத்து ஒவ்வொன்றிலும் நெரிசல் எப்படி என்று பார்த்தது: நீர்கொழும்பு, கண்டி, லோலெவல், மாலபே, ஹைலெவல், ஹொரணை, காலி. இவற்றில் மாலபே வழியில் ரயிலே கிடையாது, அங்கே காலையில் பஸ்ஸில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு 2016இல் மேல்மாகாணப் பெருநகரத் திட்டம் வந்தது. மாலபேயிலிருந்து கோட்டைக்கு 15.7 கிலோமீட்டர் இலகு ரயில் போட 2019இல் ஜப்பானோடு கடன் ஒப்பந்தமும் கையெழுத்தானது. 2020 செப்டம்பரில் அதை இரத்துச் செய்தார்கள்.

இதில் எந்தக் கட்சி சரி என்று வாதாட நான் வரவில்லை. ஆட்சி மாறியதும் விழுந்துவிடுகிற ஒன்றைத் திட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வராது, அவ்வளவுதான். நாடாளுமன்றத்தில் சட்டமாக நிறைவேற்றி, மாற்ற வேண்டுமென்றால் காரணத்தை எழுத்தில் சொல்லித்தான் மாற்றலாம் என்று ஆக்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

இப்போது இருக்கிற பாதைகளை யாருக்காகப் போட்டார்கள்?

கோப்பிக்காக. இதை நிறையப் பேர் மறந்துவிட்டார்கள். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை 54 கிலோமீட்டர் பாதையில் முதல் ரயில் 1864 டிசம்பரில் ஓடியது, 1867இல் பாதை கண்டியைத் தொட்டது. தோட்டத்துரைமாருக்குத் தேவைப்பட்டது கோப்பி மூட்டைகள் துறைமுகத்துக்கு வந்து சேர்வது. அப்புறம் கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது, பாதை நானுஓயாவுக்கு 1885இல், பண்டாரவளைக்கு 1894இல், பதுளைக்கு 1924இல் என்று ஏறிக்கொண்டே போனது. வடக்கே காங்கேசன்துறைக்கு 1905இல் வந்தது, தலைமன்னாருக்கு 1914இல், மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் 1928இல்.

அதாவது எங்கள் ரயில் பிறக்கும்போதே சரக்கு ரயில். இன்றைக்கு நிலைமை தலைகீழ். எரிபொருள், கொஞ்சம் கோதுமை மா, சீமெந்து வேலைக்கான சுண்ணாம்புக்கல், இப்படி ஒருசிலதைத் தவிர நாட்டின் சரக்கு முழுக்க ரோட்டில்தான் போகிறது. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் அங்கிருந்து சீமெந்து ரயிலில் வந்தது, யாழ்ப்பாணத்து வெங்காயமும் புகையிலையும் கோச்சியில் வந்துதான் புறக்கோட்டையில் இறங்கின. சண்டை எல்லாவற்றையும் நிறுத்தியது. பாதை திரும்ப வந்த பிறகும் சாமான் திரும்ப வரவில்லை, ஏனென்றால் அந்தப் பாதையைத் திரும்பப் போட்டபோது சாமானை மனதில் வைத்து யாரும் அட்டவணை போடவில்லை.

யாழ்ப்பாண ரயில் ஏன் நடுக்காட்டில் நிற்கிறது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், முழு விஷயமும் இதற்குள் இருக்கிறது.

ஒருமுறை பகல் ரயிலில் ஊருக்குப் போகும்போது, அனுராதபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றது. ஏறவும் இறங்கவும் யாரும் இல்லை. ஒரு வேப்பமரம், அதன் கீழே பெயர்ப்பலகை, மேடையில் ஒரு அம்மா கூடையில் உளுந்து வடையும் இறால் வடையும் வைத்து ஜன்னல் ஜன்னலாக வந்தார். எஞ்சின் சத்தம் அடங்கியதும் குருவிச் சத்தம் கேட்டது. நிலைய அதிபர் வெள்ளை உடுப்போடு வெளியே வந்து, கையில் பச்சைக்கொடியைச் சுருட்டிப் பிடித்தபடி வடக்கே பார்த்துக்கொண்டு நின்றார். என் முன்னால் இருந்த ஐயா மணிக்கூட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். 22 நிமிடம் கழித்து, வடக்கிலிருந்து வந்த கடுகதி பக்கத்துப் பாதையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நிற்காமல் போனது. ஒரு நிமிடத்தில் எங்களுக்குச் சமிக்ஞை விழுந்தது. அது யாருடைய பிழையும் இல்லை. இரண்டு ரயிலும் ஒன்றையொன்று கடக்க வேறு இடம் இல்லை.

பொல்கஹவெலைக்கு வடக்கே பெரும்பாலும் ஒற்றைப் பாதை. ஒற்றைப் பாதையில் எத்தனை ரயில் ஓடலாம் என்பதைத் தீர்மானிப்பது தண்டவாளத்தின் தரமோ எஞ்சினின் வேகமோ இல்லை, கடக்கும் ஸ்டேஷன்களுக்கு இடையிலான தூரம். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். இரண்டு கடக்கும் ஸ்டேஷன்களுக்கு இடையில் ஓட்டம் 12 நிமிடம், பாதை திறந்து கொடுக்க 3 நிமிடம், ஆக ஒரு ரயிலுக்கு 15 நிமிடம். மணிக்கு இரண்டு பக்கமும் சேர்த்து நாலு ரயில். இப்போது அதே பாதையில் எங்கோ ஒரு இடத்தில் மட்டும் இடைவெளி 27 நிமிடம் என்று வையுங்கள், பாதை திறக்கிற நேரத்தோடு 30. அந்த ஒரு துண்டால் முழுப் பாதைக்கும் மணிக்கு இரண்டே ரயில்தான். மற்ற இடத்தில் நீங்கள் தங்கத்தில் தண்டவாளம் போட்டாலும் அந்த இரண்டு மூன்றாகாது.

அதனால்தான் பாதை முழுவதுக்கும் இரட்டைப் பாதை கேட்பதை விட, எந்தத் துண்டு நெரிக்கிறது என்று பார்த்து அங்கே ஒரு கடக்கும் இடம் போடுங்கள் என்று கேட்பது புத்திசாலித்தனம். செலவு பல மடங்கு குறைவு. அந்தக் கடக்கும் பாதை நீளமாகவும் இருக்க வேண்டும். ஆறு பெட்டிக்கு அளவாகப் போட்டால் நாளைக்கு 30 பெட்டிச் சரக்கு ரயில் அதற்குள் அடங்காது, வால் வெளியே நீட்டிக்கொண்டு மற்றப் பாதையை மறிக்கும். 200 மீட்டர் கூடுதல் தண்டவாளத்தை இன்றைக்கே போட்டால் சின்னச் செலவு, பிறகு போட்டால் எல்லாவற்றையும் கிளறிப் போட வேண்டிவரும்.

முதலில் அட்டவணை, பிறகு பாதை என்கிறீர்களே, அப்படி யாராவது செய்திருக்கிறார்களா?

சுவிட்சர்லாந்து செய்தது. 1987இல் மக்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்ட திட்டம், 2004 டிசம்பரில் முக்கிய பகுதி ஓடத் தொடங்கியது. எல்லாப் பெரிய ஸ்டேஷன்களிலும் ரயில்கள் ஒரே நேரத்தை ஒட்டி வந்து சேர வேண்டும், பயணிகள் மேடை மாறி ஏற வேண்டும், எல்லாம் ஒன்றாகப் புறப்பட வேண்டும் என்று முதலில் அட்டவணையை வரைந்தார்கள். இரண்டு ஊருக்கு இடையில் ஓட்டம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட இருந்தால் அதை ஒரு மணிக்குள் கொண்டுவர எங்கே புதுப் பாதை தேவையோ அங்கே மட்டும் போட்டார்கள். தேவைக்கு மேல் வேகத்துக்குச் செலவழிக்கவில்லை.

பணக்கார நாட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள், காசு குறைந்தவனுக்குத்தான் இந்த முறை அதிகம் பொருந்தும். எங்கள் நாட்டிலேயே இந்த மனப்போக்குக்கு ஒரு முன்னோடி உண்டு. 1955இல் ரயில்வேயின் பொது முகாமையாளரான பி.டி. ரம்பல டீசல் எஞ்சின்களைக் கொண்டு தூர ஊர்களுக்குப் பெயர் வைத்த கடுகதி ரயில்களை ஓடவிட்டார். யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கியது அப்படித்தான். பெரும்பாலும் இருந்த பாதைதான், அதில் ஓடுகிற ஒழுங்கை மாற்றினார். அந்தக் காலத்தில் வந்த கனடா எஞ்சின்கள் சிலவற்றுக்கு இன்னும் அந்த நாட்டு மாகாணங்களின் பெயர் எழுதியிருக்கும், அடுத்தமுறை கோட்டையில் நிற்கும்போது பக்கவாட்டில் பாருங்கள்.

நான் ஆள், சாமான் இல்லை. சரக்கு ரயிலைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

உங்கள் ரயிலுக்கு முன்னால் அது போகும் என்பதால். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிற கடுகதிக்கு 60 கிலோமீட்டர் கடக்க 36 நிமிடம். 40இல் போகிற சரக்கு ரயிலுக்கு 90 நிமிடம். வித்தியாசம் 54 நிமிடம். வழியில் ஒதுங்க இடமில்லை என்றால் சரக்கு ரயில் புறப்பட்டு 54 நிமிடத்துக்குள் பின்னால் கடுகதியை விட முடியாது, விட்டால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஊர வேண்டியதுதான். இதனால்தான் பயணிகள் ரயில் கூடக்கூடச் சரக்கு ரயில் ராத்திரிக்குத் தள்ளப்படுகிறது, பிறகு நேரம் பிந்துகிறது, கடைசியில் வியாபாரி லொறிக்கு மாறிவிடுகிறார்.

லொறிக்கு மாறினால் என்ன? அந்த லொறி கண்டி ரோட்டில் உங்கள் பஸ்ஸுக்கு முன்னால் நிற்கும். ரோட்டுத் திருத்தச் செலவு உங்கள் வரியிலிருந்து போகும். ஒரு ரயில் 30 கொள்கலன் இழுத்தால் ரோட்டில் 30 நீள லொறி குறையும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு, அதே பாரத்துக்கு எரிபொருள் மிகக் குறைவாகப் போதும். 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாக நின்ற எங்களுக்கு இதை விளக்க வேண்டுமா?

துறைமுகத்திலிருந்து கொள்கலன்களை ரயிலில் ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடுமே?

பாதி உண்மை. கொழும்புத் துறைமுகம், 20 அடிக் கொள்கலன் அளவில் எண்ணினால், வருடத்துக்கு 70 லட்சத்துக்கு மேல் கையாளுகிறது, கேட்டால் பெரிதாகத் தெரியும். ஆனால் அதில் ஐந்தில் நாலு பங்கு அளவு ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறுகிறவை. பேலியகொடையைக்கூடப் பார்க்காமல் இந்தியாவுக்கோ பங்களாதேஷுக்கோ போய்விடும். மிச்சத்தில் பெரும்பகுதியும் கொழும்பைச் சுற்றி, பியகம, கட்டுநாயக்க என்று சின்னத் தூரத்துக்குத்தான். சின்னத் தூரத்தில் ரயில் லொறியை வெல்லாது, ஏனென்றால் ஏற்றி இறக்குவதிலேயே நேரமும் கூலியும் போய்விடும்.

அப்படியென்றால் கைவிடுவதா? இல்லை. நீளத் தூரத்துக் கனமான சாமானை முதலில் பிடிக்க வேண்டும். கொலன்னாவையிலிருந்து வெளியூர்க் களஞ்சியங்களுக்கு எரிபொருள், திருகோணமலைச் சீனக்குடாவிலிருந்து கோதுமை மா, வடக்குக்கும் கிழக்குக்கும் சீமெந்து, பசளை, திரும்பி வரும்போது நெல்லும் அரிசியும். திரும்பி வரும்போது வெறும் பெட்டியாக வந்தால் கணக்கு உதைக்கும் என்பது லொறிக்காரருக்கும் தெரியும், ரயிலுக்கும் அதே கணக்குத்தான். வவுனியாவிலோ அனுராதபுரத்திலோ லொறியும் ரயிலும் சந்திக்கிற ஒரு நல்ல இறக்குமுற்றம், பாரந்தூக்கி, பூட்டக்கூடிய களஞ்சியம், இது மூன்றும் இல்லாமல் எந்தச் சரக்குத் திட்டமும் காகிதத்தில்தான் இருக்கும்.

தம்புள்ளை மரக்கறியை ரயிலில் கொண்டுவர முடியாதா?

தம்புள்ளையில் ரயிலே இல்லை. நாட்டின் மிகப் பெரிய மரக்கறி மொத்தச் சந்தைகளில் ஒன்று அங்கே இருக்கிறது, குருநாகலிலிருந்து தம்புள்ளை வழியாக ஹபரணைக்குப் பாதை போடுவதைப் பற்றிப் பல வருடமாகப் பேசுகிறார்கள். போட்டால் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் மாஹோவைச் சுற்றாமல் போகலாம் என்பதும் பெரிய இலாபம். என் பார்வையில் நாட்டில் புதிதாகப் போட வேண்டிய பாதை ஒன்றே ஒன்று என்றால் இதுதான். ஆனால் தக்காளி 24 மணித்தியாலம் காத்திருக்காது, விடிய முன்னம் பேலியகொடை மெனிங் சந்தைக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். அதிகாலை 3 மணிக்கு ஒரு ரயில் நிச்சயமாக வரும் என்ற உறுதி அட்டவணையில் இல்லாவிட்டால் பாதை போட்டும் வியாபாரி வரமாட்டார்.

மின்சார ரயில் எப்போது வரும்?

பாணந்துறையிலிருந்து கோட்டை வழியாக வெயாங்கொடை வரை முதலில் மின்மயமாக்குவது என்ற யோசனை நீண்ட காலமாக உண்டு, ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு புறநகர்ப் பாதைகளுக்கான ஆய்வும் நடந்தது. தொடங்க வேண்டிய இடம் அதுதான், ஏனென்றால் மின்கம்பியின் செலவு ரயில் அடர்த்தியாக ஓடினால்தான் திரும்பி வரும். நாளுக்கு ஆறு ரயில் ஓடுகிற இடத்தில் கம்பி போட்டால் நட்டம். மின்சார ரயில் சட்டென்று வேகம் பிடிக்கும், அதனால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று அடுத்தடுத்து நிற்கிற பாதையில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நேரம் மிச்சமாகும், அதே பாதையில் கூட ரயில் விடலாம். கடலோரப் பாதையில் உப்புக்காற்று கம்பியையும் கம்பத்தையும் தின்னும், அதற்கான பராமரிப்புக் காசையும் முதல் நாளிலேயே கணக்கில் எழுத வேண்டும். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி மூன்று வருடத்தில் துருப்பிடித்து உதிர்ந்ததை வைத்துச் சொல்கிறேன்.

களனிவெளிப் பாதை ஏன் அவ்வளவு மெதுவாகப் போகிறது?

தண்டவாள அகலம் குறைந்த பாதையாகப் போட்டதால். 1990களில் அவிசாவளை வரை அகலப் பாதையாக மாற்றினார்கள், ஆனால் சின்ன ரயிலுக்கு வெட்டிய வளைவுகளைப் பெரும்பாலும் அப்படியே விட்டார்கள். நாரஹேன்பிட்டி, நுகேகொடை, மஹரகமை என்று சனம் நெருங்கிய இடம் முழுக்க இந்தப் பாதை போகிறது, ரோட்டுக் கடவைகளும் ஏராளம். நகரத்துக்கு மிகத் தேவையான பாதை இது. வளைவை நிமிர்த்தக் காணி வேண்டும், காணியில் வீடுகள் இருக்கின்றன, அந்த வீடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள். அவர்களுக்கு முதலில் மாற்று வீடு கட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் அளவுக்கோல் பிடிக்க வேண்டும், அதற்கான செலவு பாதையின் செலவுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

காணி, காணி என்கிறீர்களே, அது அவ்வளவு முக்கியமா?

பாதையை விட முக்கியம். இரண்டு உதாரணம் போதும்.

வடக்குப் பாதையில் 1990க்குப் பிறகு தண்டவாளமே இல்லாமல் போனது, சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குப் போயின, ஸ்டேஷன்களில் கூரை இல்லாத சுவர்கள் மட்டும் நின்றன. ஆனால் அந்த நீளமான காணித்துண்டு அரசாங்கத்தின் பெயரில் அப்படியே இருந்தது. அதனால்தான் இந்தியக் கடனில் வேலை தொடங்கிச் சில வருடங்களுக்குள் 2013இல் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் போய்ச் சேர்ந்தது. முதல் ரயில் வந்த அன்று யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் வயதானவர்கள் பெட்டியைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று என் மாமி சொல்லுவார்.

மற்றப் பக்கம், நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்குப் போன சின்னப் பாதையை 1940களில் மூடினார்கள். அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்கவுக்குப் போனது 1970களில் போனது. இன்றைக்கு இரத்தினபுரிக்கு ரயில் வேண்டும் என்றால் புதிதாகக் காணி வாங்க வேண்டும். 25 வருடத்துக்குப் பிறகு தேவைப்படப்போகிற காணியை இன்றைக்கே வரைபடத்தில் குறித்து, அதில் கட்டட அனுமதி கொடுக்காமல் இருந்தாலே பாதிச் செலவு குறையும். இதற்குக் கடன் தேவையில்லை.

மலையகப் பாதை சுற்றுலாப் பயணிகளுக்குத்தானே?

அப்படிச் சொல்லாதீர்கள். எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுக்கிறவர்கள் வந்து போவார்கள். அட்டன், தலவாக்கலை, அப்புத்தளைச் சனத்துக்கு அது ஆஸ்பத்திரிக்கும் கொழும்பு வேலைக்கும் போகிற வழி. 44 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏறுகிற சரிவு, பட்டிப்பொலைக்குப் பக்கத்தில் கடல் மட்டத்திலிருந்து 1,898 மீட்டர். அந்த ஏற்றத்தில் கனமான ரயில் இழுக்க முடியாது, ஆகவே அங்கே சரக்கைப் பற்றிப் பெரிய கனவு வேண்டாம். அந்தப் பாதையில் நிலைய அதிபர் தோல்பையில் உலோக வில்லையை வைத்து, வளையத்தில் மாட்டி எஞ்சின் சாரதியின் கைக்கு நீட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வில்லை கையில் இருக்கிற ரயிலுக்கு மட்டும்தான் அடுத்த துண்டுப் பாதை சொந்தம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட முறை, மிகப் பாதுகாப்பானது, ஆனால் மெதுவானது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகப் பாதையைப் பல இடங்களில் மண்சரிவில் அறுத்தது. இனி அந்தப் பாதைக்கான திட்டத்தில் முதல் வரி வடிகால், மதகு, சரிவைக் கட்டிப்பிடிக்கிற சுவர் என்றுதான் இருக்க வேண்டும், புதுப் பெட்டி இரண்டாவது.

கடன் தருகிறவர்கள் இருக்கும்போது திட்டம் எதற்கு?

அவர்கள் தருவது அவர்களுக்குப் பிடித்த துண்டுக்கு. வடக்குக்கு இந்தியா தந்தது, மாத்தறையிலிருந்து பெலியத்தைக்குச் சீனா தந்தது, அது 2019இல் திறந்தது. இரண்டையும் நான் வரவேற்கிறேன். ஆனால் கடன் வருகிறபோதெல்லாம் அதோடு அந்த நாட்டு எஞ்சினும் சமிக்ஞையும் வந்துவிடும். எங்களிடம் கனடா, ஜேர்மனி, பிரித்தானியா, பிரான்ஸ், இந்தியா என்று பல நாட்டு எஞ்சின், பெட்டித்தொடர்களோ ஜப்பான், சீனா, இந்தியா. இரத்மலானை வேலைத்தளத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு உதிரிப்பாகம், வேறு கருவி, வேறு பயிற்சி. ஒரு பாகம் இல்லாமல் முழு எஞ்சினும் மாதக்கணக்கில் நிற்கும். எங்களிடம் எழுதி வைத்த தேவை இருந்தால், இதுதான் வேண்டும், இந்த அளவுக்குத்தான் வேண்டும் என்று மேசையில் சொல்லலாம்.

இந்தியாவுக்கு ரயில் போகுமா?

ஒரு காலத்தில் கிட்டத்தட்டப் போனது. தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 2025 ஏப்ரல் 6ஆம் திகதி இந்தியப் பிரதமர் காலையில் அனுராதபுரத்தில் மாஹோ முதல் ஓமந்தை வரை சீராக்கிய 128 கிலோமீட்டர் பாதையைத் திறந்துவிட்டு, அதே நாளில் போய் புதிய பாம்பன் பாலத்தையும் திறந்தார். தண்டவாளத்தின் அகலமும் இரண்டு பக்கமும் ஒன்றுதான், 5 அடி 6 அங்குலம். கடலுக்கு மேல் பாலம் என்பது அரசியலும் பெருஞ்செலவும். அதைவிட முதலில் தலைமன்னாரில் ஒரு கப்பல் சேவை நின்று நிலைக்கட்டும், ரயில் அங்கே நேரத்துக்குப் போகட்டும்.

புல்லட் ரயில்?

வேண்டாம். 100இல் போக வேண்டியது 100இல் போனாலே போதும்.

யானைகள்?

2025 பெப்ரவரியில் மட்டக்களப்புப் பாதையில் ஹபரணைக்குப் பக்கத்தில் ஒரே ரயிலில் அடிபட்டு ஆறு யானைகள் செத்தன. அந்தப் பகுதியில் இரவில் வேகத்தைக் குறைப்பதும், யானை கடக்கிற இடங்களில் பாதைக்குக் கீழே வழி விடுவதும் அட்டவணைக்குள்ளேயே வர வேண்டும். குறைந்த வேகத்துக்கான நேரத்தை அட்டவணையில் கொடுக்காமல் சாரதியிடம் மெதுவாகப் போ என்று மட்டும் சொன்னால், அவர் பிந்தியதற்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

சரி, சாதாரண ஆள் நான் என்ன செய்யலாம்?

2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் கேட்கலாம், தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். பொதுவாக ரயில் ஏன் பிந்துகிறது என்று கேட்காதீர்கள், பொதுவான பதில்தான் வரும். இந்தப் பாதையில் மிக நீளமான கடக்கும் இடைவெளி எது, அங்கே புதிதாகக் கடக்கும் இடம் போட மதிப்பீடு உண்டா, எங்கள் ஸ்டேஷன் ஒதுக்குக் காணியின் எல்லை எது, கடந்த வருடம் அதில் எத்தனை குத்தகை கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். நான் முதலில் கேட்கப்போவது அந்த வேப்பமரத்து ஸ்டேஷனைப் பற்றி.